தோயா ஏரிக்கரை வெந்நீர் ஊற்று விடுதி: ஒரு மதிப்பீடு

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள தோயா ஏரிக்கு வரும் சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் மாலையில் பேருந்திலிருந்து இறங்கி, வெந்நீர் ஊற்றில் குளித்து, விருந்துண்டு, இரவு வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்குள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. அந்த ஊரில் தங்கிப் பார்த்த பிறகு, இந்த வழக்கத்தைத் தமிழ்ப் பயணிகள் பின்பற்றக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். அங்கே கிடைக்கும் குளியல் அருமையானது. ஆனால் அந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது, அதற்காக அந்த ஊர் என்ன விலை கொடுத்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் திரும்புகிறவர் தோயாவைப் பார்த்தவராக மாட்டார். அதற்குக் குறைந்தது இரண்டு இரவுகள் வேண்டும். இந்த மதிப்பீடு ஒரு தனி விடுதியைப் பற்றியது என்பதைவிட, அந்த ஏரிக்கரையில் தங்குவது என்னும் முழு அனுபவத்தைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளலாம். தென்கரையில் வரிசையாக நிற்கும் பெரிய விடுதிகள் ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லாதவை என்பதால், எங்கள் அனுபவம் மற்றவற்றுக்கும் பெருமளவு பொருந்தும்.

தோயா ஏறத்தாழ 1,10,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் தரை உள்வாங்கி உண்டான பள்ளத்தில் தேங்கிய ஏரி. கிட்டத்தட்ட வட்ட வடிவம். பரப்பு சுமார் 70 சதுர கிலோமீட்டர். ஆழம் ஏறத்தாழ 180 மீட்டர். நடுவில் நாகாஜிமா என்னும் காடடர்ந்த தீவுக் கூட்டம். வானம் தெளிந்திருந்தால் வடக்கே 1,898 மீட்டர் உயரமுள்ள யோதெய் மலையின் கூம்பு நீருக்கு அப்பால் தெரியும். ஹொக்கைடோவின் கடுங்குளிரிலும் இந்த ஏரி உறைவதில்லை. 1949ஆம் ஆண்டிலிருந்து இது ஷிகோட்சு-தோயா தேசியப் பூங்காவின் பகுதி.

சென்று சேர்வது எளிது. சப்போரோவிலிருந்து ஹொகுதோ விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தோயா நிலையம் வந்துவிடும். ஷின் சிதோசே விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் சப்போரோ வரை போக வேண்டியதில்லை. ஒரு நிலையம் தள்ளி மினாமி சிதோசேயில் இதே ரயிலைப் பிடிக்கலாம். தோயா நிலையம் கடற்கரையில் இருக்கிறது. ஏரிக்கு அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ மேடேறிப் போக வேண்டும். பல விடுதிகள் சப்போரோவிலிருந்து தங்கள் விருந்தினருக்கென்று பேருந்து விடுகின்றன. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம்.

நாங்கள் தங்கிய விடுதி ஏரியை ஒட்டிய உயர்ந்த கட்டடம். அறை தாதாமிப் பாய் விரித்த ஜப்பானிய அறை. பகலில் தாழ்வான மேசையும் இருக்கைகளும், இரவில் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தரையில் விரிக்கப்படும் மெத்தைகளும். தரையில் படுத்துப் பழகிய நமக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. முட்டிவலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் கட்டில் உள்ள அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. அறைக்குள் யுகாதா என்னும் பருத்தி அங்கி மடித்து வைக்கப்பட்டிருக்கும். விடுதிக்குள் எங்கும், உணவுக்கூடத்திலும்கூட, அதை அணிந்து நடமாடலாம். அதை அணியும்போது இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும்; வலப்பக்கம் மேலே வருவது இறந்தவரின் உடலுக்கு அணிவிக்கும் முறை. இதை அங்குள்ள பணிப்பெண் ஒருவர் என் தாயாருக்கு மிகுந்த பணிவோடு, தானே மடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

ஜப்பானிய விடுதிகளில் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. அதில் பெரும்பாலும் இரவு உணவும் காலை உணவும் அடங்கிவிடும். பருவத்தையும் அறையையும் பொறுத்து ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். குளியல் வரி என்று ஒரு சிறு தொகையும் இதன்மேல் சேரும்.

இனி குளியல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள். பல விடுதிகளில் ஒரு நாள் ஆண்களுக்கு இருந்த கூடம் மறுநாள் பெண்களுக்கு மாறிவிடும். எனவே காலையில் அரைத்தூக்கத்தில் போகிறவர்கள் வாயில் திரையின் நிறத்தைக் கவனித்து நுழைய வேண்டும். உள்ளே ஆடை எதுவும் கூடாது, நீச்சலுடையும் கூடாது. முதலில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடலை முழுவதும் கழுவிக்கொண்டு, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். கையில் இருக்கும் சிறு துண்டு தண்ணீரில் படக் கூடாது; நீண்ட கூந்தல் உள்ளவர்கள் அதை உயர்த்தி முடிந்துகொள்ள வேண்டும். தொட்டி என்பது அழுக்குப் போக்கும் இடம் அல்ல, சுத்தமான உடலை ஊறவைக்கும் இடம் என்று மனத்தில் கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒன்சென் என்னும் வெந்நீர் ஊற்று உள்ள ஊருக்குப் போயும் குளிக்காமல் திரும்புகிறார்கள். அது பெரிய இழப்பு. அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எண்பது வயதுப் பாட்டியும் பள்ளிக்கூடச் சிறுமியும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு அருகருகே அமர்ந்திருப்பார்கள். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், குடும்பத்துக்கென்று ஒரு மணி நேர அளவில் வாடகைக்குக் கிடைக்கும் தனிக் குளியலறை உண்டா என்று கேளுங்கள். பால்கனியிலேயே வெந்நீர்த் தொட்டி உள்ள அறைகளும் இருக்கின்றன, விலைதான் கூடுதல். பச்சை குத்திக்கொண்டவர்களைப் பல விடுதிகள் பொதுக்கூடத்தில் அனுமதிப்பதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களின் கைகளில் இருக்கும் பழைய பச்சைக்கும் அதே விதி பொருந்தக்கூடும் என்பதால், முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் விடுதியின் திறந்தவெளிக் குளம் மேல்தளத்தில் இருந்தது. கழுத்து வரை வெந்நீரில் அமர்ந்தால், குளத்தின் விளிம்புக்கும் ஏரிக்கும் நடுவே கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாத வகையில் அதைக் கட்டியிருக்கிறார்கள். முகத்தில் குளிர்ந்த காற்று, உடம்பில் 41, 42 பாகை வெப்பமுள்ள நீர். இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதால்தான் உள்கூடத்தில் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் வெளியே நெடுநேரம் அமர்ந்திருக்கிறார்கள். கந்தக வாடை இருக்கும் என்று எண்ணிப் போயிருந்தேன். எங்கள் விடுதியில் மூக்கை உறுத்தும் வாடை எதுவும் இல்லை. குளித்து முடித்து ஒரு மணி நேரம் கழிந்த பின்னும் உடலின் சூடு இறங்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக் குளியலைத் தவறவிடாதீர்கள். இரவில் நெரிசலாக இருந்த அதே குளத்தில் அப்போது நான்கைந்து பேர்தான் இருந்தார்கள், தீவுகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏறுவதை யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் நேரத்தைக் குறைத்து, எழும்போது மெதுவாக எழ வேண்டும்.

நல்ல விடுதியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. ஜப்பானின் 1948ஆம் ஆண்டு வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் 25 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட தாதுக்களில் ஏதேனும் ஒன்று உரிய அளவில் கலந்திருக்க வேண்டும்; அப்போதுதான் அதை ஒன்சென் என்று அழைக்கலாம். ஆகவே அந்தப் பெயர் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. உடை மாற்றும் அறையின் சுவரில் நீரின் பகுப்பாய்வு விவரம் ஒட்டப்பட்டிருக்கும். குளிர்ந்த நீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, அதே நீரை வடிகட்டித் திரும்பச் சுற்றவிடுகிறார்களா, கிருமிநாசினி சேர்க்கிறார்களா என்பதையும் 2005ஆம் ஆண்டிலிருந்து அங்கே அறிவித்தாக வேண்டும். ஊற்றுநீரைச் சுற்றவிடாமல் தொடர்ந்து பாயவிட்டு வழியவிடும் தொட்டி இருந்தால் பெரும்பாலான விடுதிகள் அதைத் தங்கள் விளம்பரத்திலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். முன்பதிவுக்கு முன் அதைத் தேடிப் பாருங்கள்.

உணவில் எங்கள் கருத்து இரண்டாகப் பிரிகிறது. கடலும் ஏரியும் அருகில் இருப்பதால் மீன் உண்பவர்களுக்குக் குறையே இல்லை. ஏரிக்குத் தெற்கே உள்ள உச்சியுரா விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. அங்கிருந்து வந்த ஸ்காலப் என்னும் சிப்பியை வெண்ணெயில் வாட்டிச் சில துளி சோயா சாறு விட்டுத் தந்தார்கள், அதற்கு மேல் எந்தப் பக்குவமும் தேவைப்படாத சுவை. ஏரியில் பிடிபடும் ஹிமேமாசு என்னும் சால்மன் இனச் சிறு மீனும் கிடைத்தது. ஹொக்கைடோவின் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் பாலும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

சைவ உணவு மட்டும் உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்னும் சாறு பெரும்பாலும் கடற்பாசியோடு உலர்ந்த மீன் சீவலையும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. மிசோ சூப்பிலும், வேகவைத்த காய்களிலும், முட்டைக் கலவையிலும், பல சமயம் கீரையின் மேல் ஊற்றும் குழம்பிலும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாததால் பரிமாறுகிறவரே அதைச் சைவம் என்று நம்பிக் கொண்டுவந்து வைப்பார். எங்களோடு வந்த என் தாயார் சைவம். முன்பதிவின்போதே எழுதியிருந்தும் முதல் இரவு அவருக்கு வந்த தட்டில் பாதி உணவு தாஷியில் வெந்ததாக இருந்தது. சொன்னவுடன் சமையற்கூடத்திலிருந்து ஒருவர் வந்து தலைதாழ்த்தி வருத்தம் தெரிவித்து, மறுநாள் காலையில் வெறும் கடற்பாசிச் சாற்றில் தனியாகச் சமைத்துத் தந்தார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். “இறைச்சி இல்லை, மீன் இல்லை” என்று மட்டும் எழுதினால் போதாது. “மீன் சீவல் சேர்த்த தாஷியும் வேண்டாம்” என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். பஃபே முறையிலான விருந்தைத் தேர்ந்தெடுத்தால் சோறு, பழம், பச்சைக் காய்கறிகள், ரொட்டி என்று எப்படியும் வயிறு நிறைந்துவிடும். அடுக்கடுக்காகப் பரிமாறும் கைசெகி விருந்து சைவர்களுக்கு இங்கே ஏற்றதல்ல.

பெரும்பாலானோர் தவறவிடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. ஏரியின் தென்கரையில், விடுதிகளின் முதுகுக்குப் பின்னால் நிற்பது ஊசு எரிமலை. உயரம் 733 மீட்டர்தான். ஆனால் கடந்த நூற்றாண்டில் மட்டும் 1910, 1943 முதல் 1945 வரை, 1977-78, 2000 என்று நான்கு முறை அது சீறியிருக்கிறது. 1910 வெடிப்புக்கு முன் இந்தக் கரையில் வெந்நீர் ஊற்று கிடையாது. அந்த வெடிப்பு நிலத்தடியைச் சூடாக்கிய பிறகே ஏரி விளிம்பில் வெந்நீர் கசியத் தொடங்கியது. 1917இல் அதைக் கண்டுபிடித்தவர்களுள் மிமாட்சு மசாவோ என்பவரும் ஒருவர். இன்று நாம் தங்கும் ஊர் முழுவதும் அந்தக் கசிவைச் சுற்றி எழுந்ததே.

அந்த மிமாட்சு பின்னாளில் அருகிலுள்ள சோபெட்சு அஞ்சலகத்தின் அதிகாரியாக இருந்தார். 1943 டிசம்பர் இறுதியில் தொடர் நிலநடுக்கங்கள் தொடங்கி, மறு ஆண்டு கோதுமை வயல்களுக்கு நடுவே நிலம் வெடித்து, ஒரு புதிய மலையே மேலெழுந்தது. உலகப் போர்க் காலம். மக்கள் கலங்கிவிடக் கூடாது என்று அரசு செய்தியை அமுக்கியது, ஆய்வாளர்களும் தொடர்ந்து வந்து தங்கிப் பார்க்கும் நிலையில் இல்லை. கருவிகள் ஏதும் இல்லாத மிமாட்சு, அஞ்சலகத்துக்குப் பின்னால் கிடைமட்டமாக நூல்களைக் கட்டி, தாடையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு, அந்த நூல்களின் ஊடே மலையின் விளிம்பு நாளுக்கு நாள் எவ்வளவு உயர்கிறது என்று வரைந்துவந்தார். 1945 செப்டம்பரில் வளர்ச்சி நிற்கும் வரை அவர் எடுத்த பதிவு, 1948இல் ஓஸ்லோவில் நடந்த எரிமலையியல் மாநாட்டில் எடுத்துக்காட்டப்பட்டு, மிமாட்சு வரைபடம் என்ற பெயரால் உலகம் முழுவதும் அறியப்பட்டது. நிலத்தை இழந்த உழவர்களுக்கு உதவியாகவும் மலையைக் காக்கவும் 1946இல் அவர் அந்த மலையையே விலைக்கு வாங்கினார். ஷோவா ஷின்சான் என்று பெயர் பெற்ற அந்த 398 மீட்டர்ச் செம்மலை இன்றும் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் அடிவாரத்தில் அவர் நினைவாக ஒரு சிறு காட்சியகம் உண்டு. அந்த வரைபடத்தை அங்கே பார்த்துவிட்டு வெளியே வந்து அதே மலையை நிமிர்ந்து பார்த்தது, இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவற்றுள் மிகச் சிறந்தது. ஓர் அஞ்சல் ஊழியரின் பொறுமைக்கு இவ்வளவு மதிப்பளிக்கும் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே அடிவாரத்திலிருந்து ஊசு மலைக்குக் கம்பிவட ஊர்தி செல்கிறது. ஆறு நிமிடப் பயணம். மேலே ஒரு பக்கம் ஏரியும் ஷோவா ஷின்சானும், சற்று நடந்து மறுபக்கம் போனால் 1977 வெடிப்பில் உண்டான பெரும்பள்ளமும் உச்சியுரா விரிகுடாவும். மேகம் இறங்கிவிட்டால் எதுவும் தெரியாது என்பதால், நுழைவுச்சீட்டு வாங்கும் முன் அங்கே வைத்திருக்கும் நேரலைப் படத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

விடுதியிலிருந்து நடந்தே போகக்கூடிய இடம் கொன்பிரா வெடிப்புவாய்ப் பாதை. 2000ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று ஊசு மலை வெடித்தபோது, இந்த ஊருக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் புதிய வாய்கள் திறந்தன. வெப்பச் சேற்று வெள்ளம் பாலத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் மோதியது. அந்தக் குடியிருப்பையும், பக்கத்திலிருந்த பொதுக் குளியல் கூடத்தையும் இடிக்காமல், சேறு புகுந்த நிலையிலேயே நினைவுச் சின்னங்களாக விட்டுவைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே ஒரு சமையலறையின் மிச்சம் தெரிகிறது. ஆனால் அந்த வெடிப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மார்ச் 27 முதல் நிலநடுக்கங்கள் கூடியதைக் கண்ட ஆய்வாளர்கள் எச்சரிக்க, வெடிப்பதற்கு முன்பே மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டுப் போயிருந்தார்கள். சற்று மேற்கே நிஷியாமாவில் நிலம் ஏறத்தாழ 70 மீட்டர் உயர்ந்து, தேசிய நெடுஞ்சாலையே உடைந்து படிக்கட்டாகிக் கிடக்கிறது. முதலில் ஊரிலுள்ள எரிமலை அறிவியல் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பாதைகளில் நடப்பதே சரியான வரிசை. எரிமலை வழிகாட்டிகளாக உள்ளூர் மக்களையே பயிற்றுவித்துச் சான்று தரும் ஏற்பாடு 2008 முதல் நடக்கிறது; அவர்களுள் ஒருவரை அமர்த்திக்கொண்டால் இரட்டிப்புப் பயன். இந்தப் பகுதி 2009இல் உலகப் புவிப்பூங்காவாக ஏற்கப்பட்டது. ஜப்பானில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற மூன்று இடங்களில் இதுவும் ஒன்று.

இதைப் பார்த்துவிட்டு அன்று மாலை மறுபடி குளத்தில் இறங்கியபோது, முதல் நாள் எனக்கு வெறும் சுகமாக இருந்த வெந்நீரின் மேல் மதிப்பு வந்தது. ஊரைச் சூடாக்கும் நெருப்பும் ஊரை விரட்டும் நெருப்பும் ஒன்றே என்று தெரிந்துதான் அங்குள்ளவர்கள் வாழ்கிறார்கள். இரண்டாம் இரவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வாணவேடிக்கை ஏப்ரல் 28 முதல் அக்டோபர் 31 வரை, வானிலை இடங்கொடுக்கும் ஒவ்வோர் இரவும் 8.45 மணிக்குத் தொடங்கி இருபது நிமிடம் நடக்கிறது. நகரும் படகிலிருந்து விடுவதால் கரையில் எந்த விடுதியில் இருந்தாலும் ஒரு பகுதியாவது நேர் எதிரே வெடிக்கும். அறையிலிருந்து பார்ப்பதைவிடக் கரைக்கு இறங்கிப் பார்ப்பது சிறந்தது. பகலில் நாகாஜிமாவுக்குப் போகும் படகு குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஊருக்குள் ஆங்காங்கே இலவசக் கால்குளியல் தொட்டிகள் இருக்கின்றன. ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். இங்கே தோன்றிய வாகசாய்மோ என்னும் இனிப்பையும் வாங்கிப் பாருங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சரியாக விளையாத குளிர்நாட்டில், சுட்ட கிழங்கின் சுவையை வெள்ளை மொச்சை விழுதில் கொண்டுவந்து, கிழங்கின் நாருக்குப் பதிலாகக் கடற்பாசி இழைகளைச் சேர்த்திருக்கிறார்கள். மேலே முட்டை பூசியிருக்கும் என்பதைச் சைவர்கள் நினைவில் கொள்க.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எங்கள் விடுதிக் கட்டடம் பழையது. தாழ்வாரக் கம்பளங்களில் தேய்மானம் தெரிந்தது, அறையின் குளிர்சாதனக் கருவி இரவில் சத்தமிட்டது. குழுப் பேருந்துகள் வந்து சேரும் நான்கு மணி முதல் ஐந்து மணி வரை வரவேற்பிடத்தில் நீண்ட வரிசை. அதே கூட்டம் ஆறரை மணிக்கு உணவுக்கூடத்துக்கும், ஒன்பது மணிக்கு மேல் குளியலுக்கும் வந்ததால், அந்த நேரங்களில் ஓய்வு என்பதே இல்லை. இரண்டாம் நாள் இதைக் கணக்கில் வைத்து எட்டு மணிக்குக் குளிக்கப் போனோம், கூடம் ஏறத்தாழ காலியாக இருந்தது. ஆங்கிலம் வரவேற்பிடத்தில் செல்லுபடியாகும், உணவுக்கூடத்தில் கைப்பேசி மொழிபெயர்ப்புதான் துணை.

முன்பதிவில் ஏரி பார்த்த அறை என்று தெளிவாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மலிவான கட்டணத்தில் கிடைப்பது பெரும்பாலும் மலைப்பக்க அறை. கொன்பிரா, நிஷியாமா பாதைகள் பனிக்காலத்தில் மூடப்படுவதால் மே முதல் அக்டோபர் முடிய உள்ள காலமே ஏற்றது. அதில் இலையுதிர்வு தொடங்கும் அக்டோபர் நடுப்பகுதியில் மலையும் சிவந்திருக்கும், வாணவேடிக்கையும் இருக்கும். வார நாள்களில் கட்டணம் குறைவு. ஞாயிறு இரவு தங்கத் தொடங்கினால் திங்கள் முழுவதும் அந்த ஊர் உங்களுக்குக் கூட்டமின்றிக் கிடைக்கும்.